வெயில் இறங்கட்டும்

எப்பாக்சி என்றதும் பலரும் வெயிலைத் தேடுகிறார்கள். போர்ட் கிள்ளானில் படகு பழுது பார்க்கும் நான் தேடுவது நிழலை.

மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, ஈரப் பூச்சைத் துளைத்துக்கொண்டு குமிழியாக வெளியேறும். அந்த இடத்தில் ஊசித்துளை நிற்கும். தண்ணீருக்கு அது போதும். மேலே பளபளப்பு குறையாது. உள்ளே பலகை உளுத்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் ஒரு தம்பி மரச் சம்பான் கொண்டுவந்தார். "காலையிலேயே பூசிடுங்கண்ணே, சீக்கிரம் காஞ்சிடும்" என்றார். ஞாயிறுதோறும் இரண்டு பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போகிறவர். அந்தப் பிள்ளைகளை நினைத்தே மாலைவரை காக்க வைத்தேன். மரம் குளிரும்போது காற்று சுருங்கி, பிசினைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அந்நேரம் பார்த்து மழையும் வரும், கிள்ளான் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? தார்ப்பாய் கட்டாமல் டப்பாவைத் திறப்பதில்லை.

கலக்குவதிலும் நிதானம் வேண்டும். தே தாரிக் ஆற்றுவதுபோல் அடித்தால் நுரைதான் மிஞ்சும். விளிம்பையும் அடியையும் வழித்து மெதுவாகக் கலக்கி, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுவேன். கோப்பையிலேயே விட்டால் சூடேறி, குமிழியோடு இறுகிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது வீண். அளவு தப்பினால் பூச்சு பலமிழக்கும்.

முதல் பூச்சு மெல்லியதாக. அது விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்தபின்தான் அடுத்தது.