கைலிக்குப் பேர் கொடுத்த ஊரு!

ஹாஸ்டல் பசங்களே... ராத்திரி எட்டு மணிக்கு மேல உங்க தேசிய உடை எது? கைலிதானே! அந்தக் கட்டம் போட்ட கைலியோட அட்டையில 'பாலயகாட்'னு ஒரு வார்த்தை இருந்தா, கொஞ்சம் மரியாதையா மடிச்சு வைங்க. அது கம்பெனி பேரு இல்லை, ஊர்ப் பேரு. நம்ம பழவேற்காடுதான் வெள்ளைக்காரன் வாயில 'புலிகாட்' ஆகி, துணி வியாபாரிங்க வாயில 'பாலயகாட்' ஆச்சு. மலேசியாவுல கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்'னே பேரு. இந்தோனேஷியாவுல 'சாரோங் பெலெகாட்'. பழவேற்காடு எந்தத் திசையில இருக்குன்னே தெரியாத ஒரு ஜகார்த்தாக்காரர், தினமும் அந்த ஊரை இடுப்புல கட்டிக்கிட்டு தூங்குறார்!

பழவேற்காடுன்னா நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஃபிளமிங்கோ பறவை, இறால் வறுவல், டச்சுக் கல்லறை. என்னை அங்கே இழுத்துட்டுப் போன தோழிக்கு இந்த மூணும் ரெண்டாம்பட்சம். அவ ஒரு பின்னல் பைத்தியம். பையில புத்தகம் இருக்கோ இல்லையோ, குரோஷா ஊசியும் நூல்கண்டும் கட்டாயம் இருக்கும். திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடையில பழைய பின்னல் பத்திரிகை கிடைச்சா, மத்தவங்க தங்கம் கிடைச்ச மாதிரி குதிப்பாங்களே, அப்படிக் குதிப்பா. புது டிசைன் ஒண்ணு கண்ல பட்டா அன்னிக்குத் தூக்கம் கிடையாது. 2016 ஜனவரியில சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பிச்ச 'மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்' குழு, சென்னையில ஒரு பிரமாண்ட போர்வையை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாப் பின்னி அனுப்பின துண்டுகளை ஒண்ணாச் சேர்த்து, 11,148.5 சதுர மீட்டர்! "பின்னுறவங்க ஒண்ணு சேர்ந்தா ஊரையே மூடிடுவோம்"னு இவ இன்னிக்கும் காலரைத் தூக்கி விட்டுக்குவா. அப்படிப்பட்டவ, "பழவேற்காட்டுல ஒரு தெரு முழுக்கப் பின்னுறாங்களாம், வர்றியா?"ன்னு கேட்டா, மாட்டேன்னு சொல்ல முடியுமா?

பொன்னேரியில ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிச்சா, வயல், உப்புக்காத்து, அப்புறம் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தண்ணி. ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரா பக்கம், தெற்கு ஓரம் நம்ம பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீளமான மணல் தீவா படுத்திருக்கு. தண்ணி ஓரமா வரிசையா குப்பங்கள்... கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், பாலத்தைத் தாண்டினா லைட்ஹவுஸ் குப்பம்.

கோட்டைக்குப்பம்னு பேர் இருக்கே, கோட்டை எங்கேன்னு தேடாதீங்க. டச்சுக்காரங்க 1613-ல கட்டி முடிச்ச ஜெல்டிரியா கோட்டை இன்னிக்கு வெறும் மேடும் புதரும். ஆனா அவங்க கல்லறை ஜம்முன்னு நிக்குது. வாசல்லயே ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நம்மை வரவேற்குது. (செல்ஃபி எடுக்காம ஒருத்தரும் உள்ளே போறதில்லை. எலும்புக்கூடுங்களும் பொறுமையா போஸ் கொடுக்குது.)

அந்த டச்சுக்காரங்க இங்கே வந்ததே துணிக்காகத்தான். இந்தோனேஷியத் தீவுகள்ல ஜாதிக்காயும் கிராம்பும் வேணும்னா அங்கே இருக்கிறவங்க காசைவிடத் துணியைத்தான் விரும்பிக் கேட்டாங்க. அதுவும் சோழமண்டலக் கரையில நெய்த, சாயம் போட்ட துணி. சுத்துப்பட்டு நெசவாளர்கள் நெய்ததெல்லாம் பழவேற்காட்டுல கப்பல் ஏறிச்சு. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் இந்தக் கரையில டச்சுக்காரங்களோட தலைமையிடம் இதுதான். துணி போன கப்பல்கள்ல அடிமைகளா மனுஷங்களையும் ஏத்திட்டுப் போனாங்கங்கறதையும் இந்த ஊர்க் கதையில சேர்த்தே சொல்லணும். டூரிஸ்ட் கைடுங்க பெரும்பாலும் இதை விட்டுடுவாங்க.

டிசைன் போன வேகம் இருக்கே, அது தனிக் கதை. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஐரோப்பாவுல அவ்வளவு மவுசு. 18-ம் நூற்றாண்டுக் கடைசியில ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே கட்டத்தைப் பார்த்து நெய்து, 'புலிகேட்'னு பேர் வெச்சு வித்தாங்க. இங்கிலீஷ் அகராதியில அந்த வார்த்தை இன்னும் உட்கார்ந்திருக்கு. டூப்ளிகேட் எடுக்கிறதுல நம்ம பர்மா பஜாருக்கு முன்னோடி ஸ்காட்லாந்து! ஊர்ப் பேரு உலகம் சுத்துச்சு, நெய்தவங்க பேரு ஒண்ணுகூட எங்கேயும் போய்ச் சேரலை. நாங்க சுத்தின தெருக்கள்ல ஒரு தறிச் சத்தமும் கேட்கலை.

ஆனா பின்னல் இருக்கு. முதல்ல கண்ல பட்டது கரையில. படகு நிழல்ல ஒரு பெரியவர் கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கையில ஒரு பிளாஸ்டிக் ஊசியால கிழிசலை அடைச்சுக்கிட்டு இருந்தார். நம்மாளு நேரா போய் மணல்ல உட்கார்ந்துட்டா.

"தாத்தா, இது என்ன முடிச்சு?"

"வலை முடிச்சுதாம்மா. வேற இன்னா?"

"இன்னொரு வாட்டி மெதுவா போடுங்களேன்..."

மூணு வாட்டி போட்டுக் காட்டினார். நாலாவது வாட்டி ஊசியை அவ கையில கொடுத்துட்டு பீடி பத்த வைக்கப் போயிட்டார். அன்னிக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. தமிழ்ல எல்லாமே 'பின்னுறது'தான். ஸ்வெட்டரும் பின்னுறோம், ஜடையும் பின்னுறோம், வலையும் பின்னுறோம், கூடையும் பின்னுறோம். ஆனா உள்ளுக்குள்ள கணக்கு வேற வேற. ஸ்வெட்டர்ல முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அவ்வளவுதான். அதனாலதான் அது இழுத்த இழுப்புக்கு நீளும், ஒரு கண்ணி அறுந்தா சரசரன்னு பிரிஞ்சும் போகும். வலையில ஒவ்வொரு கண்ணுக்கும் தனி முடிச்சு. ஒரு கண்ணை நண்டு கடிச்சாலும் பக்கத்துக் கண்ணு அசையாது. ஓட்டை ஓட்டையா இருக்கிற வலைதான் ஓட்டையைத் தாங்குது!

பெரியவர் சின்னப் பையனா இருந்தப்போ வீட்டுலயே பருத்தி நூல்ல வலை பின்னுவாங்களாம். உப்புத் தண்ணியில மக்காம இருக்க, மரப்பட்டை, புளியங்கொட்டைச் சாறுல ஊறப்போட்டுக் காய வைப்பாங்களாம். நைலான் வந்ததும் அந்த வேலை போச்சு. இப்போ மிஷின்ல பின்னின வலையைக் கடையில வாங்கி, மிதவையும் ஈயக்குண்டும் கோத்துக்கிட்டா ஆச்சு. கைக்கு மிச்சம் இருக்கிறது கிழிசல் தைக்கிறது மட்டும்தான்.

கண்ணோட அளவுதான் வலையில டிசைன். கண்ணு சின்னதானா குஞ்சு மீனும் மாட்டும், அடுத்த வருஷத்துக்கு ஏரியில ஒண்ணும் இருக்காது. யார், எந்த இடத்துல, எந்த வலையைப் போடலாம்னு இங்கே தலைமுறை தலைமுறையா ஒரு ஏற்பாடு இருக்கு. அதுக்குப் பேரு 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூணு ஊர்க்காரங்களும் சீட்டுப் போட்டு, முறை வெச்சு சுத்துவலை போடுவாங்க. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்ச் சேராம சுத்தி வரும். அழகான ஏற்பாடுதான். ஆனா பாடு உரிமை இல்லாத ஊர்க்காரங்ககிட்ட கேட்டா, 'எங்களுக்கு மட்டும் ஏரி இல்லையா?'ன்னு நியாயமா ஒரு கேள்வி கேட்பாங்க. அந்தச் சண்டையும் பழசுதான்.

மதியத்துக்கு மேல நாங்க தேடி வந்த தெருவுக்குள்ள நுழைஞ்சோம். முஸ்லிம் குடும்பங்கள் வாழுற தெரு. திண்ணையில, வாசப்படியில, உள்கூடத்துல எங்கே பார்த்தாலும் பனை ஓலை. விரியாத குருத்தோலையா வெட்டி, வெயில்ல காயவெச்சு, ஈர்க்கை எடுத்துட்டு, ஒரே அகலத்துக்குக் கிழிச்சு, கொதிக்கிற சாயத்தண்ணியில போட்டு எடுக்கிறாங்க. கத்திரிப்பூ, பச்சை, கண்ணைப் பறிக்கிற ரோஸ்... பின்னும்போது ஓலை லேசா ஈரமா இருக்கணும். காஞ்சா ஒடியும், ரொம்ப நனைஞ்சா அப்புறம் சுருங்கிப் பின்னல் தளர்ந்துடும். இங்கே வளையமும் இல்லை, முடிச்சும் இல்லை. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. கடைசி நுனியை மடிச்சு உள்ளேயே சொருகிட்டா பெட்டி தன்னைத்தானே பிடிச்சுக்கும்.

வாசல்ல உட்கார்ந்திருந்த அக்கா, முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டே எங்களுக்கு ஒரு பாயை இழுத்துப் போட்டாங்க. நம்மாளு தன்னோட பத்திரிகையைப் பிரிச்சு, ஒரு பக்கம் முழுக்க கட்டமும் புள்ளியும் குறியுமா இருக்கிற டிசைன் கணக்கைக் காட்டினா. அக்கா அதை ஒரு செகண்ட்கூடப் பார்க்கலை. பக்கத்துல இருந்த போட்டோவைத்தான் பார்த்தாங்க. பத்திரிகையைத் தலைகீழாத் திருப்பி இன்னும் உத்துப் பார்த்தாங்க.

"என்னக்கா பாக்குறீங்க?"

"அடி எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்குறேன் பாப்பா. அது தெரிஞ்சா மீதி தானா வந்துடும்."

சொல்லிட்டு ஓலையை எடுத்தாங்க. நாலு போட்டாங்க, எட்டு போட்டாங்க, குறுக்கே ரோஸ் ஒண்ணு, பச்சை ஒண்ணு. நாங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, குரோஷா டிசைன்ல இருந்த அந்த நட்சத்திரம் ஓலையில உட்கார்ந்துடுச்சு. இவங்களுக்கு டிசைன் புத்தகம் கிடையாது. ஆர்டர் கொடுக்கிறவங்க வாட்ஸ்அப்புல அனுப்புற போட்டோதான் பத்திரிகை. சாயங்காலம் வேலை முடிச்சு நாலு பேர் ஒரே வாசல்ல உட்கார்ந்தா அதுதான் மாநாடு. ஒருத்தர் கண்டுபிடிச்ச முனை மடிப்பு மறுநாள் தெரு முழுக்கப் பரவியிருக்கும். காப்பிரைட் கேஸ் எதுவும் கிடையாது! நம்ம அம்மாக்கள் ஒயர் கூடையில 'சிவன் கண்', 'நெல்லிக்காய்', 'பிஸ்கட்'னு பேர் வெச்சு வீட்டுக்கு வீடு கத்துக்கிட்டாங்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நம்மாளு தூக்கம் வராதப்போ பின்னுறா. இந்த அக்கா அரிசி வாங்கப் பின்னுறாங்க. 'ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு கிடைக்கும்'னு இவ தன் வழக்கப்படி மணிக்கணக்கு போட ஆரம்பிச்சா. அக்கா சிரிச்சுட்டாங்க.

"நேரத்தைக் கணக்கு பாத்தா இதைப் பின்னவே முடியாது பாப்பா. சோறாக்கி, புள்ளைங்களை அனுப்பிட்டு, நடுநடுவுலதானே செய்யறோம்."

அந்த 'நடுநடுவுல'தான் சிக்கலே. இதே கடற்கரையில வடக்கே போனா ஆந்திராவுல நர்சாப்பூர். 19-ம் நூற்றாண்டுல மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே ஊரெல்லாம் பின்னுறாங்க. மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ச்சி பண்ணி 1982-ல ஒரு புத்தகமே போட்டாங்க. அவங்க கண்டுபிடிச்சது ரொம்ப சிம்பிள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற சரக்கைப் பின்னுற பெண்களை எல்லாரும் 'வீட்டுல சும்மா இருக்கிறவங்க, ஓய்வு நேரத்துல ஏதோ பின்னுறாங்க'ன்னு சொல்றதாலேயே அவங்க கூலி ஏறவே மாட்டேங்குது. 2024-ல அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் அந்தக் குறியீடு இருக்கு. அழியப் போன அந்தக் கொட்டானை விசாலாட்சி ராமசாமியோட அறக்கட்டளை தூசி தட்டி எடுத்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. இப்போ கல்யாணத் தாம்பூலத்துல கொட்டான் கொடுக்கிறது கெளரவம். அதே பனை ஓலை, அதே விரல்கள்... பழவேற்காட்டுப் பெட்டியைக் கையில வாங்குறவங்க பாதிப் பேரு 'செட்டிநாடா?'ன்னு கேட்கிறாங்களாம். உலகத்துக்கே கட்டம் போட்ட துணியைத் தன் பேர்ல அனுப்பின ஊருக்கு, தன்னோட ஓலைப்பெட்டி மேல ஒரு பேரை ஒட்ட முடியலை!

2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் தடை வந்தப்போ ஓலைக்குக் கொஞ்சம் கிராக்கி வந்ததுன்னு அக்கா சொன்னாங்க. அவங்க பொண்ணு கம்பெனி வேலைக்குப் போறா. "பின்னத் தெரியும், உக்கார மாட்டா"ன்னாங்க. அதுல வருத்தம் இருந்த மாதிரியும் இருந்தது, பெருமை இருந்த மாதிரியும் இருந்தது. அந்தப் பொண்ணு மாசச் சம்பளத்துல நிக்கிறதைத் தப்புன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? பாரம்பரியம் காப்பாத்தணும்னு காலேஜ்ல கட்டுரைப் போட்டியில எழுதுற நாம, எக்ஸிபிஷன்ல அம்பது ரூபா குறைச்சுக் கேட்கிற ஆளுங்கதானே!

கிளம்பும்போது நம்மாளு பேரம் பேசாம மூணு பெட்டி வாங்கினா. அக்கா அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, மடிச்சு ஓலைக்கட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டாங்க. "இதுல மூணாவது படம் ஒண்ணு இருக்கு, அது வட்டம். வட்டம் ஓலையில வராதுன்னு எங்கம்மா சொல்லும். பாக்கலாம்!"

போறவங்களுக்குச் சில விஷயம். சென்னை சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி போற புறநகர் ரயில்ல ஏறி பொன்னேரியில இறங்கினா, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கு. ஃபிளமிங்கோ பார்க்கணும்னா குளிர்காலத்துல போங்க. படகுக்காரரை 'அண்ணா, ஒரு ரவுண்டு'ன்னு நச்சரிக்காதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னிக்கு சுற்றுலா வந்தவங்க படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனாங்க, அந்த ஊர் அதை மறக்கலை. பெட்டி பின்னுற தெருவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்க, காலையில அவங்களுக்கு ஆயிரம் வேலை. பை எதுவும் எடுத்துட்டுப் போக வேண்டாம். திரும்பி வரும்போது எதுல போட்டுக் கொண்டுவரணுமோ, அதை அங்கேயே பின்னித் தருவாங்க!