கதவில் விழுந்த கோடுகள்

நாமக்கல் வட்டாரத்தில் பணியாற்றும் குருவுக்கு வாகனம் மந்திரிப்பது அடிக்கடி வரும் அலுவல். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. சரக்கு லாரிகளுக்குச் சங்ககிரி. எங்கள் பங்குக் குடும்பங்கள் பலவற்றுக்கு லாரி என்பது வெறும் வாகனம் அன்று. விற்ற நிலமும் அடகு வைத்த நகையும் வாங்கிய கடனும் சேர்ந்து சக்கரங்கள் மேல் நிற்கும் உருவம் அது.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய குடும்பம் ஒன்று தன் முதல் லாரியை மந்திரிக்கக் கொண்டு வந்தது. தந்தை ஓட்டுநர்; பள்ளிப்படிப்பை முடித்த மகன் கிளீனர். கதவில் பிள்ளைகள் இருவரின் பெயர்களையும் கருநீல வண்ணத்தின் மீது மஞ்சளில் அழகுற எழுதியிருந்தார்கள். எங்கள் கோவிலுக்கு வரும் வழியோ, மானாவாரிக் காடுகளின் நடுவே செல்லும் மண்சாலை. கோடைக் காலம். வண்டி வந்து நின்றபோது, பிள்ளைகளின் பெயர்களே தெரியாத அளவுக்குப் புழுதி படிந்திருந்தது.

தந்தையும் தாயும் மெழுகுதிரி வாங்கச் சென்றிருந்தனர். இந்தக் கோலத்திலா வண்டியை மந்திரிப்பது என்று எண்ணிய நான், தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தக் கதவை வட்டம் வட்டமாக அழுத்தித் துடைத்தேன். மகன் அருகில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு அடக்கிக்கொண்டான். சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினான் போலும். பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு மனநிறைவு. தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி அனுப்பி வைத்தேன்.

இரண்டு வாரங்கள் சென்றன. ஞாயிறு பூசைக்குப்பின் அந்தத் தாய் என்னிடம் வந்தார். “சாமி, அவங்க ரெண்டு பேரும் ராஜஸ்தான் போயிருக்காங்க. நல்லபடியாத் திரும்பணும்னு வேண்டிக்கோங்க. போறப்பவே மனத்தாங்கலோட போனாங்க” என்றார். காரணம் கேட்டேன். “புது வண்டிக் கதவுல வறண்ட துணியப் போட்டுத் தேச்சு கோடு கோடா ஆக்கிப்போட்டான்னு, வளர்ந்த பையன்னும் பாக்காம கை நீட்டி அடிச்சுட்டாருங்க. அவன் ஒரு வார்த்தையும் பேசல.”

எனக்கும் அன்று வார்த்தை வரவில்லை. “அது நான்தான் அம்மா” என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மக்கள் நால்வர் சுற்றி நின்றார்கள், அவ்வளவுதான் காரணம். ஆண்டுக்கணக்கில் பிறர் குற்றங்களைக் காது கொடுத்துக் கேட்டவன், தன் சிறு குற்றத்தைக் கூறக் கூசினேன்.

துண்டு எப்படி வண்ணத்தைக் கீறும் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில், சேலத்துச் சுரங்கங்களில் வெட்டும் வெள்ளைக்கல்லுக்கு ஏறத்தாழ 4 தான். மணலிலும் புழுதியிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளுக்கு 7. அது கத்தியின் எஃகையே கீற வல்லது. வண்டியின் மேற்பூச்சோ பெரும்பாலும் தலைமயிர் ஒன்றின் கனம்கூட இராது. புழுதி சும்மா கிடக்கும் வரை பெருந்தீங்கு செய்வதில்லை. அதை வறண்ட துணியால் அழுத்தித் தேய்க்கும்போதுதான் அந்தத் துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

ஒரு மாதம் கழித்து லாரி திரும்பியதைக் கேள்வியுற்று, அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். முற்றத்தில் மூவரும் இருந்தனர். நாற்காலியில் அமரும் முன்பே, “கதவைத் துடைத்தது தம்பி அல்ல, நான். அவன் பட்ட அடி எனக்குரியது” என்று சொல்லிவிட்டேன்.

தந்தை தலை குனிந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, “ஏன்டா சொல்லல?” என்றார். “சாமியக் காட்டிக் குடுக்கறதுங்களா அப்பா?” என்றான் அவன். என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவனும் அவனே. பயணக் கதையைத் தொடங்கினான். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் சென்றிருக்கிறார்கள். திரும்பும் போது சலவைக்கல் ஏற்றுவதற்காகக் கிஷன்கரில் நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. லாரியடியில் அடுப்பு, கேபினில் படுக்கை, வண்டியே வீடு. ஒருநாள் ‘ஆந்தி’ என்று அவ்வூரார் அழைக்கும் புழுதிப்புயல் வீசிற்று. வண்ணத்தைக் காக்க எண்ணித் தந்தை கேபின்மேல் தார்ப்பாயைப் போர்த்தினாராம். பக்கத்தில் நின்ற சங்ககிரி ஓட்டுநர் ஒருவர் ஓடி வந்து அதை அவிழ்க்கச் சொன்னாராம். புழுதி படிந்த வண்டியின் மேல் காற்றில் படபடக்கும் தார்ப்பாய், இரவெல்லாம் உப்புத்தாள் போடுவதற்குச் சமம் என்பது அவர் அனுபவம். காற்றுக்கு முகப்பைக் காட்டாமல் பின்புறத்தைக் காட்டி நிறுத்தச் செய்தார். குடிக்கவும் சமைக்கவுமே தண்ணீர் குறைவாயிருந்த இடம் அது. “தண்ணி இல்லைன்னா தொடாதே, அழுக்கா இருந்துட்டுப் போகட்டும்” என்றாராம்.

அவரிடம் அவன் கற்றவற்றை வாசகர்களுக்காக இங்கே தருகிறேன். புறப்படும் முன் வண்டியைக் கழுவி உலர்த்தி மெழுகு பூசினால், புழுதி எளிதில் ஒட்டாது. பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ டீசலோ பூசலாகாது. எண்ணெய்ப் பசை புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது முதலில் துணி படாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். வாளிகள் இரண்டு: ஒன்றில் வாகனத்துக்குரிய சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடைக்க வேண்டும். சக்கரம் துடைத்த துணி கதவுக்கு ஆகாது. துணி துவைக்கும் தூள் மெழுகை நீக்கிவிடும். உச்சி வெயிலில் கழுவலாகாது. நம் ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றின் நீர் கடினமானது. அதைத் தானாக உலரவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். ஆதலால் மெல்லிய துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

கதவைப் பட்டறையில் பாலிஷ் போட்டுத் தரும் செலவை ஏற்கிறேன் என்றேன். தந்தை மறுத்தார். கோட்டை மறைக்க வேண்டுமானால் மேற்பூச்சையே சிறிது தேய்த்து எடுக்க வேண்டும். அதை அடிக்கடி செய்யவும் முடியாது. “இருக்கட்டுங்க சாமி. இனிமே கை ஓங்கறப்ப அதப் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், மகன் தண்ணீர் ஊற்ற நான் துணி பிடித்தேன். இரண்டு தரம் என் கையைத் தடுத்து, “அழுத்தாதீங்க சாமி” என்றான். இம்முறை அவன் தயங்கவில்லை.

இப்போது எங்கள் கோவில் வாசலில் இரண்டு வாளிகள் எப்போதும் இருக்கின்றன. புது வண்டி எவ்வளவு அவசரமாக வந்தாலும், முதலில் கிணற்று நீர், பிறகே தீர்த்தம்.