செம்புக்காகப் போட்ட பாதை

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வந்தால் சிட்டினா என்ற சிற்றூர். தார்ச்சாலை அங்கே முடிகிறது. ஊரைத் தாண்டியதும் பாறையை வெட்டி ஒரு வழி விட்டிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். அதை வெட்டியது ரயிலுக்காக. இங்கிருந்து மெக்கார்த்தி என்ற ஊர் வரை 96 கிலோமீட்டருக்கு வண்டி ஓடுவதே பெரும்பாலும் பழைய ரயில்பாதையின் மேல்தான்.

கென்னிகாட் செம்புச் சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் பலர் இந்தச் சரளைச் சாலையை ஒரு தொல்லையாக நினைத்து விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரங்கத்தின் பாதிக் கதை இந்தச் சாலையில்தான் இருக்கிறது.

முதலில் காப்பர் ஆறு. நீரோட்டமே சுழற்றும் மீன் சக்கரங்கள் கரையோரத்தில் சால்மனை அள்ளுகின்றன. இது அத்னா பழங்குடியினரின் நிலம். 1885-ல் ராணுவ அதிகாரி ஹென்றி ஆலன் அவர்களுடைய தலைவர் நிக்கோலாயைச் சந்தித்தபோதே அவர்கள் செம்பைப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கண்டுபிடித்த பெயர் 1900-ல் வந்த ஜாக் ஸ்மித், கிளாரன்ஸ் வார்னர் இருவருக்கே போயிற்று. மலைச்சரிவில் தெரிந்த பச்சையைக் குதிரைக்கு ஏற்ற புல் என்று நினைத்தார்களாம். ஏறிப் பார்த்தால் செம்புத்தாது! மிகச் செறிந்த இடங்களில் அதில் 70 விழுக்காடு செம்பு.

கடலுக்குக் கொண்டுபோக வழியில்லாவிட்டால் அத்தனை செம்பும் வெறும் கல். ஸ்டீபன் பர்ச் என்ற இளம் பொறியாளர் உரிமைகளை வாங்கி, குகன்ஹைம் குடும்பத்தையும் ஜே.பி. மார்கனையும் பணம் போட வைத்தார். கொர்டோவா துறைமுகத்திலிருந்து 315 கிலோமீட்டர் ரயில்பாதை 1911-ல் முடிந்தது. அதைக் கட்டிய மைக்கேல் ஹீனி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். சிட்டினாவில் ஆற்றின் குறுக்கே இருந்த மரப்பாலத்தை ஏறக்குறைய ஆண்டுதோறும் பனிக்கட்டி உடைந்து அடித்துக்கொண்டு போகும், திரும்பவும் கட்டுவார்கள். இன்று நாம் கடப்பது 1971-ல் வந்த பாலம்.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் குஸ்குலானா பாலம். 1910-ல் எழுப்பிய எஃகுப் பாலம், ஆற்றுக்கு 72 மீட்டர் மேலே, ஒற்றை வழி. 1988 வரை இதற்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நடந்து பார்க்க வேண்டிய இடம் இது. கீழே பார்த்தால்தான் குளிர்காலத்தில் அங்கே தொங்கி வேலை செய்தவர்களின் துணிச்சல் புரியும். அடுத்து கிலாஹினா. 27 மீட்டர் உயர மரப்பாலம், எட்டே நாளில் நிறுத்தியது. இப்போது சரிந்து கிடக்கிறது. சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

வழியெல்லாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாலையைச் சீவும்போது பழைய தண்டவாள ஆணிகள் மேலே வந்துவிடும். நல்ல ஸ்டெப்னி இல்லாமல் இறங்கக் கூடாது. வாடகைக் கார்களில் பலவற்றை இந்தச் சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை.

கென்னிகாட் ஆற்றங்கரையில் வண்டியை விட்டுவிட வேண்டும். 1997-ல் நடைபாலம் வரும்வரை, கம்பியில் தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து கயிற்றைக் கையால் இழுத்துத்தான் அக்கரை சேர்ந்தார்கள். அக்கரையில் மெக்கார்த்தி. சுரங்க நிறுவனம் தன் குடியிருப்பில் மதுவைத் தடுத்திருந்ததால், தொழிலாளிகளின் சம்பளம் இங்கிருந்த மதுக்கடைகளில் கரைந்தது.

இன்னும் எட்டு கிலோமீட்டர் மேலே, மலையோடு ஒட்டி நிற்கிறது 14 அடுக்குச் சிவப்புக் கட்டடம், கென்னிகாட் ஆலை. சுமார் 20 கோடி டாலர் செம்பைக் கொடுத்தபின் நல்ல தாது தீர்ந்தது. 1938 நவம்பரில் கடைசி ரயில் போனது, ஊரும் காலியானது. 1998-ல் தேசியப் பூங்காத் துறை ஆலையையும் சுற்றியிருந்த கட்டடங்கள் பலவற்றையும் வாங்கி, விழாமல் தாங்கிவருகிறது. வழிகாட்டியோடு போனால் ஆலைக்குள்ளே நுழையலாம், கட்டாயம் போக வேண்டும். மலையுச்சிச் சுரங்கங்களிலிருந்து கம்பிவடத்தில் வாளிகளில் வந்த தாதுவை மேல்தளத்தில் கொட்டினார்கள். ஒவ்வொரு தளத்திலும் நொறுங்கி, சலிபட்டு, தன் எடையாலேயே கீழிறங்கியது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்த மிச்சச் செம்பையும் அம்மோனியாவில் கரைத்து எடுத்தார்கள். சாக்கில் கட்டிய செம்புத்தாது ரயிலேறி, கொர்டோவாவில் கப்பலேறி, டகோமா நகரின் உருக்காலைக்குப் போனது.