பட்டன் சுடுகிறதா?

மெக் மோட் என்று வேப் பிடிப்பவர்கள் சொல்லும் கருவியைப் பிரித்து மேசையில் பரப்பினால் பெரிதாக ஒன்றும் இருக்காது. செம்பிலோ பித்தளையிலோ கடைந்தெடுத்த ஒரு குழாய், அடியில் ஒரு பட்டன், உள்ளே ஒரு 18650 செல், தலையில், நிக்கோட்டின் ஜூஸைச் சூடாக்கிப் புகையாக்கும் காயில் கட்டிய அட்டமைசர். செல்லின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மற்ற வேப் கருவிகளில் இருக்கும் சிப் இதில் கிடையாது. செல் இறங்கிவிட்டது என்று விளக்கு எரியாது. ஷார்ட் ஆனாலும் எதுவும் தடுக்காது. பட்டனை அழுத்தினால் மின்சாரம் பாயும், விட்டால் நிற்கும். சில நேரம் விட்டும் நிற்காது. அப்படிப்பட்ட குழாய்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு தம்பியைப் பார்க்கத்தான் மலேசியாவின் கிள்ளானுக்குப் போனேன்.

தெங்கு கிளானா சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சின்னக் கடை அது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ஒரு மேசையும் விளக்கும். அந்த மேசைதான் தம்பியின் இடம். முன்பு ஷா ஆலமில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். உலோகத்தை விரலால் தடவியே பிசிர் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். எனக்கு நிக்கோட்டின் மேல் எந்தப் பரிவும் இல்லை. வேப் பழக்கத்தை விட்டவர்களைக் கண்டால் மகிழ்வேன். ஆனால் ஒருவர் அந்தக் குழாயை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்வரை அது வெடிக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இந்த மேசையில் இருக்கிறது.

நான் இருந்தபோது லாரி ஓட்டும் ஒருவர் செம்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, முந்தி மாதிரி அடிக்கல. புகையே வீக்கா வருது" என்றார். செல்லைப் பற்றியோ காயிலைப் பற்றியோ தம்பி கேட்கவில்லை. "பட்டன் சுடுதா அண்ணே?" என்றுதான் கேட்டார். சுடுகிறது என்றதும் தலையாட்டினார்.

பிறகு எனக்கு விளக்கினார். சூடாக வேண்டியது மேலே இருக்கும் காயில் மட்டும்தான். பட்டன் சுட்டால், கரண்ட் வரும் வழியில் எங்கோ முட்டுகிறது என்று பொருள். செல்லின் அடிப்பக்கத்திலிருந்து பட்டனின் முனை, அங்கிருந்து மரை, மரையிலிருந்து குழாய், குழாயிலிருந்து மேல்மூடி, அதற்கப்புறம்தான் அட்டமைசர். ஒவ்வொரு தொடுமிடமும் ஒரு கான்டாக்ட். அட்டமைசருக்கும் குழாய்க்கும் நடுவில் திருகும் சின்ன வோல்ட் மீட்டரைப் பொருத்திப் பட்டனை அழுத்தினார். முழுச் சார்ஜில் இருந்த செல், 3.4 வோல்ட்தான் காட்டியது. செல் தானே கொஞ்சம் தாழும், அது இயல்பு. நல்ல கான்டாக்ட் என்றால் இந்தக் காயிலுக்கு 3.7 ஆவது வர வேண்டும் என்றார்.

காயில் 0.2 ஓம். 3.4 வோல்ட்டில் 17 ஆம்பியர் ஓடுகிறது. காணாமல் போன 0.3 வோல்ட்டை அந்த 17 ஆம்பியரோடு பெருக்கினால் 5 வாட். அந்த ஐந்து வாட்டும் கட்டைவிரலுக்கு அடியில் சூடாகிறது. புகை குறைந்ததுதான் லாரிக்காரருக்குக் குறை. தம்பியின் கவலை பட்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றியது. திரும்பத் திரும்பச் சுட்டால் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். அழுத்திய பட்டன் மேலே வராது. பாக்கெட்டில் கிடக்கும்போதே காயில் எரியத் தொடங்கும். ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினார். இரண்டு சுற்று நீலம் பாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அமுங்கியிருந்தது.

மரையில் கறுப்பாகப் பிசுக்கு படிந்திருந்தது. திருகித் திருகித் தேய்ந்த உலோகத் தூளும் கசிந்த ஜூஸும் சேர்ந்த கலவை. பல் துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து மரையின் போக்கிலேயே சுற்றினார். செம்பு முனையில் பழுப்பேறியிருந்த இடத்துக்கு அவர் எடுத்தது புளி. வீட்டில் அம்மா குத்துவிளக்கு துலக்குவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது இது. உப்பு கலந்த புளியைத் தேய்த்ததும் செம்பு ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, பிறகு ஆல்கஹால், அதன்பின் காற்றில் உலர்த்தல். ஈரமோ புளியோ துளி தங்கினாலும் மறுபடி பச்சை பிடிக்கும் என்று அவசரப்படாமல் காத்திருந்தார். வெள்ளி முலாம் பூசிய கான்டாக்ட் பின்னுக்கு மட்டும் புளியும் கிடையாது, உப்புத்தாளும் கிடையாது. முலாம் போனால் போனதுதான். அதற்கு மென்மையான ரப்பர், அதுவும் மெதுவாக.

குழாயின் அடியில் மூன்று சிறு துளைகள் இருந்தன. அழகுக்கு என்று நினைத்திருந்தேன். செல் கெட்டு வாயுவைக் கக்கினால் அது வெளியேறும் வழி அதுதானாம். அழுக்கு அடைத்திருந்ததை ஊசியால் குத்தி எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழியில்லாமல் மூடிய குழாய்க்குள் வாயு அடைபட்டால் அது பீரங்கிதான். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவர் வேப் கருவி வெடித்து இறந்தார். அது பிலிப்பைன்ஸ் தயாரிப்பான மெக் மோட். அடுத்த ஜனவரியில் டெக்சாசில் 24 வயது இளைஞர். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்தவற்றைத் திரட்டியதில் இப்படிப்பட்ட தீ விபத்துகளும் வெடிப்புகளும் 195. எல்லாம் மெக் அல்ல. ஆனால் மெக்கில் தடுக்க ஒன்றுமில்லை என்பது தம்பிக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் செல்லை அவர் கையாளும் விதம் வேறு. 18650 செல்லின் எஃகு உடம்பு முழுக்க மைனஸ். மேலே தோள்பட்டை வரை அந்த எஃகு ஏறி வருகிறது. நடுவில் இருக்கும் சின்ன வட்டம் மட்டும் பிளஸ். இரண்டையும் பிரிப்பது காகிதம் போன்ற ஒரு வெள்ளை வளையமும், மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் ராப்பும். தோள்பட்டையில் நகக்கண் அளவு கிழிந்தாலும் குழாயின் விளிம்பு அங்கே பட்டு ஷார்ட் ஆகலாம். லாரிக்காரரின் செல்லில் சரியாக அந்த இடத்தில் கீறல். தம்பி பேசாமல் பழைய ராப்பை உரித்தார், வளையத்தை மாற்றினார், புது ராப்பைச் செருகி ஹேர் டிரையரால் சுருங்க வைத்தார். எல்லாம் சேர்ந்து தே தாரிக் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

செல்லைத் தராசில் வைத்தும் பார்த்தார். நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். மேலே 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்கள் பலமுறை வந்திருக்கின்றன. அந்த அளவு இந்த உருவத்துக்குள் அடங்காது, எடையே காட்டிக்கொடுத்துவிடும். இது அசல் சாம்சங் 25ஆர், தாங்குவது 20 ஆம்பியர். "புதுச் சார்ஜில 4.2 வோல்ட். உங்க 0.2 காயிலுக்கு 21 ஆம்பியர் கணக்கு வருது அண்ணே. செல்லை மீறிப் போறீங்க" என்று சொல்லி, காயிலை 0.25 ஓமுக்குக் கட்டித் தந்தார். இப்போது கணக்கு 17க்குள் வந்தது. லாரிக்காரருக்கு அரைமனசு. அவர் கேட்டது அதிகப் புகை.

உதிரியாக விற்கும் 18650 செல்களை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் எச்சரித்தது. இவை பேட்டரி பேக்குக்குள், பாதுகாப்புச் சுற்றோடு இருக்கச் செய்யப்பட்டவை. செல் தயாரிப்பாளர்களும் அதையேதான் சொல்கிறார்கள். என் கருத்தும் அதுதான்: சுற்று இல்லாத கருவி கடையில் விற்பனைக்கே வரக்கூடாது. தம்பி மறுக்கவில்லை. "விக்காட்டி நல்லதுதான் அண்ணே. வித்தது எல்லாம் ஏற்கெனவே வெளியில இருக்கே" என்றார்.

ஒரு பையன் வந்தான். அவன் குழாய் ஹைப்ரிட் வகை, அட்டமைசரின் பின் நேராகச் செல்லின் பிளஸ்ஸைத் தொடும். அவன் புதிதாக வாங்கிய அட்டமைசரின் பின், மரை விளிம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. தம்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டையும் தனித்தனியாக அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். இந்தப் பின் உள்ளே அமுங்கினால் சுற்றியுள்ள விளிம்பு செல்லில் படும். விளிம்பு மைனஸ். காயில் வழியாக அல்லாமல் மொத்தமும் நேரடி ஷார்ட். "இது ரெண்டும் சேராது. வேற அட்டமைசர் போடு, இல்ல வேற மோட் எடு." பையன் முணுமுணுத்தபடி போனான். இன்னொரு கடையில் திருகிக் கொடுப்பார்களோ என்று எனக்குப் பதறியது. தம்பி அவன் பின்னாலேயே ஐந்தடி வரை போய் மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு வந்தார்.

மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. அந்தப் பையனிடமும் தம்பி முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்டார். சந்தை இப்போது சிப் உள்ள சிறிய பாட் கருவிகளின் கையில், மெக் வாடிக்கையாளர் குறைவு. தம்பி மாலை நேரங்களில் மின்சைக்கிள் பேட்டரி பேக் கட்டப் பழகிவருகிறார். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யும்போதும் அவர் முதலில் தேடுவது சுடும் இடத்தைத்தான்.

கடைசல், உலோகம், மின்கணக்கு மூன்றும் தெரிந்த ஒருவருக்குக் கடை கொடுப்பது விற்பனையாளர் சம்பளம். பழுது பார்ப்பது கூடுதல் சேவையாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் லித்தியம் செல்லைக் கையாளுவதை ஒரு பாடமாக வைத்து, இவரைப் போன்றவர்களை அங்கே ஆசிரியராக உட்கார வைக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

லாரிக்காரர் கிளம்பும்போது தம்பி கான்டாக்ட் வேலைக்கும் ஸ்பிரிங்குக்கும் மட்டும் காசு வாங்கினார். உதிரிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போடக்கூடாது என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் கொடுத்தார். ராப்புக்கு ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். காசு என்று சொன்னால் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று கிழிந்த செல்லோடு போய்விடுகிறார்களாம். அதனால் ராப்பும் வளையமும் தன் சம்பளத்தில் வாங்கி வைத்திருக்கிறார்.