நாற்காலி அடுக்கிய கைகள்

தாம்பரத்தை அடுத்த பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலம். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், ஆலய முற்றத்தில் சிதறிக் கிடக்கும் நாற்காலிகளை முதியவர் ஒருவர் ஓசையின்றி அடுக்கிவைப்பார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதற்கு மேல் அவரைப்பற்றி நாம் அறிந்ததில்லை, அறிய முனைந்ததுமில்லை.

ஒருமுறை இளைஞர்களுக்கு உழைப்பின் உயர்வை உணர்த்த எண்ணி, மறையுரையில் கிரிக்கெட் வீரர் இருவரை எடுத்துக்காட்டினோம். திருப்பலிக்குப்பின் பெரியவர் அருகில் வந்து, "சாமி, ஹாக்கி பீட்டரைத் தெரியுங்களா?" என்றார். "எந்தப் பீட்டர்?" என்றோம். புன்னகைத்துவிட்டு நாற்காலிகளிடம் திரும்பினார்.

சில மாதங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். செபிக்கச் சென்ற நாம், சவப்பேழையில் அவரது வலக்கையருகே தேய்ந்துபோன ஹாக்கி மட்டையொன்றைக் கண்டோம். ரயில்வே அணிக்காகப் பல்லாண்டுகள் ஆடியவர் என்று மகன் சொல்லித்தான் அறிந்தோம். அன்றைய மறையுரையில் அவரைக் குறித்துச் சொல்ல, நம்மிடம் அந்த நாற்காலிகளைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

அந்த நாணமே பீட்டரைத் தேடவைத்தது. சென்னையில் பிறந்த விக்டர் ஜான் பீட்டர், 1960இல் ரோமில் வெள்ளியும், 1964இல் டோக்கியோவில் தங்கமும், 1968இல் மெக்சிகோவில் வெண்கலமும் வென்ற இந்திய ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்ற முன்கள வீரர். ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என இழந்த பட்டத்தை, டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1-0 என வென்று இந்தியா மீட்டது. 1966இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. தம்பி வி. ஜே. பிலிப்ஸ், 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்திய ஆடவர் அக்கோப்பையை மீண்டும் பெறவில்லை.

ஒரே வீட்டின் இரு பிள்ளைகள் ஈட்டிய பெருமை இது! 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணித்தலைவர் வாசுதேவன் பாஸ்கரனையாவது நம்மில் சிலர் அறிவர். இந்த உடன்பிறப்புகளை எத்தனைபேர் அறிவோம்?

ஹாக்கியில் எதிரணியின் வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் அது கோல். டோக்கியோ இறுதியாட்டத்தின் ஒரே கோலுக்கு உரியவர் மொகிந்தர் லால். ஏடுகளில் நிற்பது அவர் பெயர். ஆனால் பந்தை வட்டம்வரை கொண்டுசேர்க்க ஓடிய கால்கள் எத்தனை! ஆட்டத்தில் மட்டுமன்று, நம் இல்லங்களிலும் பங்குகளிலும் நிகழ்வது இதுவே. கோலை எண்ணுகிறோம், ஓடியவரை மறக்கிறோம்.

பெரியவரின் கேள்விக்கு இன்று நம்மிடம் விடையுண்டு, கேட்டவர்தாம் இல்லை. ஆகவே, செல்லும் பங்குதோறும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் நாமும் நாற்காலி அடுக்கச் செல்கிறோம். உடன் அடுக்கும் முதியவரிடம், "இளமையில் என்ன செய்தீர்கள், ஐயா?" என்று கேட்கிறோம். அன்பர்களே, உங்கள் தெருவிலும் அப்படியொருவர் இருப்பார். பேழை மூடப்படுமுன் கேட்டுவிடுங்கள்.