ஒற்றைக் குண்டு, மூன்று நாய்

கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்தது 1961-இல். விஜயந்தா, அர்ஜுன் என்று ராணுவ டாங்கிகளைச் செய்து அனுப்பிய ஊர் இது. அந்த ஊரின் நரிக்குறவர் குடியிருப்புக்கு நான் போனது, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பார்க்க. பார்க்கக் கிடைக்கவில்லை. எழுபதைத் தாண்டிய பெரியவர், உரிமத்தோடு வைத்திருந்ததை எப்போதோ ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்.

"தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோய்க் குடுக்கணும். முடிஞ்சதும் வாங்க அலையணும். ஒரு தடவை வாங்கப் போகலை சாமி, அதோட சரி."

துப்பாக்கி போனால் என்ன, கை இருக்கிறதே. ஊசிமணி கோத்துக்கொண்டிருந்ததை ஒதுக்கிவிட்டு, ஓர் உடைந்த குடைக்கம்பியை எடுத்தார். வெறுங்காற்றில் ஒரு குழலை நிறுத்தினார். உள்ளங்கையைக் குழித்து மருந்தை அளந்து கொட்டினார், தேங்காய் நாரைச் சுருட்டி மேலே திணித்தார், கம்பியால் இடித்தார். கொக்குக்கும் காடைக்கும் என்றால் பொடி ரவை. பன்றிக்கு ஒற்றைக் குண்டு. அதன் மேல் இன்னொரு நார், மறுபடி இடி. கடைசியாகத்தான் குதிரைக்கு அடியில் கேப்பு. அதை முதலில் வைப்பவன் விரலை இழப்பான் என்றார். மழைக்காலமென்றால் மருந்து ஈரம் குடித்துவிடும். விசையை இழுத்தால் 'டிக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிரே பன்றி நிற்கும்.

இவ்வளவையும் செய்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அடிபட்ட பன்றி ஒரு நிமிடம் காத்திருக்காது. அந்த வேட்டையில் நாய் எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோப்பம் பிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, பன்றியை ஓடவிடாமல் மடக்கி நிறுத்துவது. ஒரே குண்டு உள்ளவனுக்கு நின்ற இலக்கு வேண்டும். மூன்று நாய் இருந்தால் ஒன்று முன்னால் குரைத்து வெறியேற்றும், மற்ற இரண்டும் பின்தொடையைக் கவ்விக் கவ்வி விடும். முன்னால் நிற்பது அனுபவசாலியாக இருக்க வேண்டும். இளசு போய் நின்றால் கோரைப்பல் வயிற்றைக் கிழித்துவிடும். சுடுகிறவனுக்கும் சிக்கல்தான்; நாய் விலகும் அந்த ஒரு நொடிக்குள் அடிக்க வேண்டும்.

பன்றி வேட்டைக்குக் கோம்பையும் ராஜபாளையமும்தான் என்று படித்திருந்ததைச் சொன்னேன். சிரித்தார். "அதெல்லாம் ஜமீன் வீட்டு நாய். எங்களோடது தெருவுல பொறந்தது. வத்தலா இருக்கும், சொன்னாக் கேக்கும்."

அப்பாவோடு ஊத்துக்கோட்டைப் பக்கம் போன நாட்களைச் சொன்னார். கரும்பிலும் வேர்க்கடலையிலும் பன்றி இறங்கினால் கொல்லைக்காரர்களே ஆளனுப்புவார்களாம். கறியில் பங்கு, மேலே கொஞ்சம் நெல். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நரி, கௌதாரி, காட்டுப்பன்றி எல்லாமே பட்டியலுக்குள் போயின. அந்தச் சட்டம் வேண்டியதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதில்லாமல் நரியைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் வேட்டையை எடுத்துக்கொண்ட கை, பதிலுக்கு எதையும் வைக்கவில்லை. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு சொன்னது 1965-இல். சட்டம் வந்தது 2023 ஜனவரியில். இடையில் பாசிமணி, ஊசிமணி, ரயில் நிலைய வாசல்.

பன்றியோ பெருகியது. விவசாயிகள் சிலர் திருட்டு மின்வேலி போட்டார்கள், சிலர் அவுட்டுக்காய் வைத்தார்கள். கடித்ததும் வாயில் வெடிக்கும் அந்த உருண்டைக்குப் பன்றி எது, யானைக்குட்டி எது என்று தெரியாது. ஒற்றைக் குண்டுக்காரன் குறைந்தபட்சம் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட்டான்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டி வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டும். பொதுமக்கள் கையில் துப்பாக்கி கொடுக்காதது சரிதான். ஆனாலும், தடம் பார்க்கவாவது இவரைப் போன்றவர்களைக் கூட அழைத்துப் போகலாமே என்று எனக்குப் பட்டது. அரசாணையைப் பெரியவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"நாய் வெச்சிருக்காங்களா?"

பக்கத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பேரன் முந்திக்கொண்டான். "இப்பல்லாம் ட்ரோன் தாத்தா. மேல இருந்தே பன்னி எங்க இருக்குன்னு காட்டிடும்."

"காட்டும்டா. மடக்குமா?"