முள் முள்ளாக ஒரு சக்கை

பாறசாலையிலிருந்து களியக்காவிளை போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ரப்பரும் மரச்சீனியும் மாறி மாறி வருகின்றன. பேச்சும் அப்படித்தான், தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிகிறது. பலா இங்கே சக்கை. நான் பார்க்கப்போன ஓவியர் வீட்டில் அவருடைய அம்மா கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பாதி சக்கை சாப்பிட, பாதி வரைய.

தாவரவியலாளர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் படம் வரைவது இவர் தொழில். மேசையில் டிவைடர், கை லென்ஸ், பென்சில், மயிரிழைக் கோடு போடும் மைப்பேனா. சக்கைத்தோலின் முட்களை இஷ்டத்துக்கு வரைந்துவிட முடியாது. ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. தண்டைச் சுற்றி நெருங்கிப் பூத்த பெண்பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்ததுதான் முழுப் பழம். கருவுற்ற பூவின் உறை சதைப்பிடித்தால் சுளை. கருவுறாதவை இடையிடையே நாராகத் தங்கிவிடுகின்றன. ஆகவே முட்கள் சாய்ந்த வரிசைகளில் வருகின்றன. முதலில் இடமும் வலமுமாகச் சாய்கோடுகளை மெல்லப் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் கட்டங்களில் முள் வைக்கிறார். ஒன்று தவறினால் வரிசையே சரிந்துவிடும்.

நிழலுக்குத் தேய்ப்பது கிடையாது, எல்லாம் புள்ளிதான். வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், அது இந்தத் தொழிலின் வழக்கம். ‘இரண்டு மடங்கு பெரிது’ என்று எழுதாமல் ஓரத்தில் ஒரு அளவுக்கோடு போடுகிறார். அச்சில் படம் சுருங்கினால் எண் பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும்.

எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்: போட்டோ போதாதா?

“போட்டோவுல பூவும் பழமும் ஒண்ணா வராதே அண்ணே. ஆண்கதிர் மகரந்தம் கொட்டினதும் கறுத்து விழுந்துபோவும். அப்ப பழம் எங்க இருக்கு?”

பல மாதங்களில் பார்த்ததை ஒரே தாளில் சேர்க்கிறார். பூ கிடைக்காத பருவத்தில் உலர்தாவரத் தாளில் ஒட்டிய பழைய பூவைச் சுடுதண்ணீரில் போட்டு, இதழ் இளகியதும் ஊசியால் பிரித்துப் பார்ப்பாராம்.

இப்படிப்பட்ட படத்துக்கு நம் பக்கத்தில் வயது அதிகம். கொச்சியிலிருந்த டச்சுக்காரர் வான் ரீடின் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மூன்றாம் தொகுதியில் சக்கை உண்டு. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் செடிகளைப் பற்றிச் சொன்னார். டச்சு ஓவியர்கள் வரைந்தார்கள். பின்னர் லின்னேயஸ் சூட்டிய பல பெயர்களுக்கு இன்றும் ஆதாரம் அந்தப் படங்கள்தான், காய்ந்த செடி அல்ல. சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு ரங்கய்யாவும் கோவிந்துவும் வரைந்தார்கள். 1838–1853இல் வந்த ‘இக்கோனெஸ்’ தொகுதிகளின் 2,101 தகடுகளில் பலவற்றின் அடிப்பக்கத்துச் சின்ன எழுத்தில் இவர்கள் பெயரைக் காணலாம். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். பின்னால் அது ட்ரோபிடியாவில் சேர்க்கப்பட்டுவிட்டது. இரண்டு பேருடைய வாழ்க்கையைப் பற்றியும் அதற்கு மேல் நமக்கு அதிகம் எட்டவில்லை என்பதுதான் எரிச்சல்.

இவரும், “என் பேர் வேண்டாம், வேலை தர்றவங்க என்ன நினைப்பாங்களோ” என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எழுதவில்லை.

மறுநாள் ஊர் வாசகசாலையில் இவருடைய படங்களின் கண்காட்சி. திருவனந்தபுரத்து அரங்கில் வைத்தால் பார்க்கிற கூட்டம் வேறு. இங்கே வருகிறவர்கள் செடியை அறிந்தவர்கள். ஆனாலும் விலை கேட்டது இவர் வரைந்த இருவாச்சிப் படத்துக்கும் மீன்கொத்திப் படத்துக்கும்தான். விதையின் குறுக்குவெட்டை யாரும் வீட்டுச் சுவரில் மாட்டப்போவதில்லை. இருவாச்சி விற்ற காசில்தான் சக்கைக்குச் சட்டம் போடுகிறார்.

ஒரு பெரியவர் மட்டும் சக்கைப் படத்தை விட்டு நகரவில்லை. “காம்பு இவ்வளவு மெலிசா இருந்தா காய் நிக்காது மக்களே” என்றார்.

ஓவியர் வாதாடவில்லை. சாயங்காலம் பெரியவரின் புரையிடத்துக்கே, அதாவது வீட்டுத் தோட்டத்துக்கே போய், மரத்தில் தொங்கிய காயின் காம்பில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். பெரியவர் சொன்னது சரி. தான் அளந்தது முதல்நாள் வெட்டி வைத்த காயின் வாடிய காம்பு என்றார். இரவே பழைய விளிம்பைப் பிளேடால் சுரண்டிவிட்டுக் காம்பைத் தடிப்பாக்கினார். பெரியவருக்கு நூல் சங்கதி பிடிக்கவில்லை. “கையால பிடிச்சுப் பாத்தா தெரியாதா?” என்றார்.